கார்பன் வரி: பணம் திரும்பி வந்தும் கோபம் ஏன்? – வாசகர் கேள்வி பதில்

பெட்ரோல், நிலக்கரி, எரிவாயு ஆகியவை எரியும்போது வெளியேறும் கரியமில வாயுவுக்கு டன் கணக்கில் போடப்படுவது கார்பன் வரி. அதை மக்கள் எங்கே ஏற்கிறார்கள், எங்கே தெருவுக்கு வந்து எதிர்க்கிறார்கள் என்பது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கனடாவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கார்பன் ரிபேட் என்று காசு வந்துகொண்டிருந்தது. பத்தில் எட்டுக் குடும்பங்களுக்குக் கட்டியதைவிட அதிகமாகவே திரும்பி வருகிறது என்று அரசு சொன்னது. அப்படியிருந்தும் இங்கே யாரைக் கேட்டாலும் வரி ஒழிந்தது நல்லது என்கிறார்கள். கணக்குத் தெரியாததாலா? – வாசகர், ஸ்காபரோ

கணக்குத் தெரியாததும் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் என்று நம்பித்தான் ஒட்டாவா, அதாவது கனடா அரசு, ஏமாந்தது.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். 2024–25இல் வரி டன்னுக்கு 80 டாலர். அதன்படி பெட்ரோலுக்கு லிட்டருக்கு 17.6 சென்ட், வீட்டைச் சூடாக்கும் இயற்கை எரிவாயுவுக்குக் கன மீட்டருக்கு 15.25 சென்ட். ஒன்டாரியோவில் ஒரு நால்வர் குடும்பம் ஆண்டுக்கு 2,000 லிட்டர் பெட்ரோலும் 2,200 கன மீட்டர் எரிவாயுவும் செலவழித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலில் 352 டாலர், எரிவாயுவில் சுமார் 336 டாலர். இந்த வரியின் மேலும் 13 சதவீத எச்எஸ்டி என்ற விற்பனை வரி உண்டு. அதையும் சேர்த்தால் 777 டாலர். அந்தக் குடும்பத்துக்குத் திரும்பி வந்தது 1,120 டாலர்: ஒரு பெரியவருக்கு 560, துணைவருக்கு 280, பிள்ளைக்குத் தலா 140. மிச்சம் 343. இதிலிருந்து மளிகை, லாரி வாடகை வழியாக மறைமுகமாக ஏறிய விலையைக் கழிக்க வேண்டும். அதன் பிறகும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கையில் கொஞ்சம் நிற்கும்.

எல்லோருக்கும் நிற்காது. தினமும் தொலைதூரம் ஓடும் இரண்டு பெரிய வண்டி, காற்று புகும் பழைய வீடு, ஆண்டுக்கு 4,500 லிட்டர், 3,500 கன மீட்டர் என்றால் வரியும் எச்எஸ்டியும் சேர்ந்து 1,500 டாலரைத் தொடும். பெருநகர எல்லைக்கு வெளியே வசிப்பவர்களுக்கு 2024 முதல் 20 சதவீதம் கூடுதலாகத் தந்தார்கள். அதைச் சேர்த்தாலும் 1,344தான். ஆக, ‘எனக்கு நஷ்டம்’ என்று சொன்னவர்கள் எல்லோரும் பொய் சொல்லவில்லை.

இனி, லாபம் அடைந்தவர்களுக்கே அது தெரியாமல் போன கதை. பெட்ரோல் விலை சாலையோரம் ஆளுயர எண்ணில் எழுதியிருக்கும். வாரம் ஒருமுறை பம்பில் நின்று பார்க்கிறோம். எரிவாயு பில்லில் ‘ஃபெடரல் கார்பன் சார்ஜ்’ என்று தனிப் பதிவே இருந்தது. திரும்பி வந்த பணமோ 2019 முதல் மூன்று ஆண்டுகள் வருமான வரிப் படிவத்துக்குள் ஒரு பதிவாக வந்து ரிஃபண்டில் கரைந்தது. 2022 ஜூலையில்தான் காலாண்டு டெபாசிட்டாக மாற்றினார்கள். அப்போதும் கணவன், மனைவி இருவரில் யாருடைய வரிப் படிவம் முதலில் பரிசீலிக்கப்பட்டதோ அவர் கணக்கில் மட்டும்தான் முழுத் தொகையும் விழும்; மற்றவர் கண்ணில் படாது. வங்கிக் கணக்கில் புரியாத சுருக்கெழுத்தோடு, சில வங்கிகளில் வெறும் ‘அரசு டெபாசிட்’ போல வந்தது. கார்பன் ரிபேட் என்ற பெயரே 2024 பிப்ரவரியில்தான் சூட்டப்பட்டது. வரி தொடங்கி ஐந்து ஆண்டு ஆகியிருந்தது.

அப்படியானால் தொகையை எடுத்துச் சொல்லியிருந்தால் சரியாகியிருக்குமா? 2022இல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் வந்த ஆய்வு இதைச் சோதித்தது. பலர் தங்களுக்கு வந்த தொகையைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். சரியான தொகையைச் சொன்ன பிறகும் ஆதரவு ஏறவில்லை. ‘நமக்கு நஷ்டம்தான்’ என்ற எண்ணம் கூடவே செய்தது. கட்சிச் சார்பு கணக்கை முந்திக்கொண்டது. போதாததற்கு, நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அதிகாரி இரண்டு விதக் கணக்குகளை வெளியிட்டார். வரியையும் திரும்பி வந்ததையும் மட்டும் பார்த்தால் பெரும்பாலோருக்கு லாபம். சம்பளம், முதலீட்டு வருமானம் ஆகியவற்றில் வரும் பாதிப்பையும் சேர்த்தால் பலருக்கு நஷ்டம். ஆளுங்கட்சி முதல் கணக்கைப் பிடித்துக்கொண்டது, எதிர்க்கட்சி இரண்டாவதை. இரண்டாவதில் தொழிற்சாலைகள் மீதான கார்பன் விலையையும் தவறுதலாகச் சேர்த்துவிட்டதாக 2024இல் அந்த அலுவலகமே ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்த எண் ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய அடி 2023 அக்டோபர் 26. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று ஆண்டு விலக்கு என்று அப்போதைய பிரதமர் ட்ரூடோ அறிவித்தார். அந்த எண்ணெயை அதிகம் நம்பியிருப்பவை, அவருடைய லிபரல் கட்சிக்குக் கணிசமான எம்.பி.க்கள் இருந்த அட்லாண்டிக் மாகாணங்கள். எரிவாயுவில் சூடேற்றும் சஸ்காச்சுவன், ‘அவர்களுக்கு மட்டும் ஏன்?’ என்று கேட்டுவிட்டு 2024 ஜனவரி முதல் எரிவாயு மீது வரி வசூலிப்பதையே நிறுத்தியது. வரி நியாயமானது, எல்லோருக்கும் ஒன்று என்று நான்கு ஆண்டுகள் சொல்லிவந்த அரசு தானே அதில் ஓட்டை போட்டது. அதற்குப் பிறகு ‘வரியை வெட்டு’ (Axe the tax) என்ற, கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் பியேர் பொலியேவ்ரின் மூன்று சொல் கோஷத்துக்கு எதிராகச் சொல்ல லிபரல்களிடம் எதுவும் மிஞ்சவில்லை.

வரி நீங்கிய பிறகு உண்மையிலேயே விலை குறைந்ததா? இன்னும் எங்காவது மிச்சம் இருக்கிறதா? – வாசகி, மார்க்கம்

பம்பில் குறைந்தது. பிரதமரான அன்றே, 2025 மார்ச் 14இல், மார்க் கார்னி கையெழுத்திட்டார். ஏப்ரல் 1 முதல் நுகர்வோர் வரி பூஜ்யம். எச்எஸ்டியோடு சேர்த்து ஒன்டாரியோவில் லிட்டருக்கு ஏறக்குறைய 20 சென்ட். நாட்டின் பணவீக்கம் மார்ச்சில் 2.3 சதவீதமாக இருந்தது; ஏப்ரலில் 1.7 ஆனது. அதில் பெரும்பங்கு பெட்ரோல், எரிவாயு விலை இறங்கியதற்குத்தான். மளிகைக் கடையில் யாரும் பெரிய வித்தியாசத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே இந்த வரியின் பங்கு முன்பும் சிறியதே. கடைசி ரிபேட் ஏப்ரல் 22 முதல் வந்தது. அத்தோடு, நால்வர் குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கு 280 டாலர் என்ற வரவும் நின்றது.

பெரிய தொழிற்சாலைகள் மீதான கார்பன் விலை தொடர்கிறது. கியூபெக், கலிஃபோர்னியாவோடு இணைந்த தன் சொந்த உமிழ்வுச் சந்தையை (கரியமில வாயு வெளியிடும் உரிமங்களை வாங்கி விற்கும் சந்தை) வைத்திருப்பதால் அங்கே எரிபொருளின் விலைக்குள் அது இன்னும் உண்டு. ஆனால் தனிப் பதிவாகப் பில்லில் வருவதில்லை. அதை எதிர்த்து ஊர்வலமும் இல்லை.

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான். அது எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும் என்று எழுதுகிறார்களே, எப்படி? – ஆசிரியர், தஞ்சாவூர்

பெட்ரோலில் இருக்கும் கார்பன் மட்டும் சுமார் 630 கிராம். ஒவ்வொரு கார்பன் அணுவும் எரியும்போது காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது; 12 எடை 44 ஆகிறது. 630ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 2,310 கிராம். டீசலுக்கு 2.7 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். எந்த நாட்டின் கார்பன் வரியையும் லிட்டர் கணக்குக்குக் கொண்டுவர இதுவே வழி: டன் விலையை 1,000ஆல் வகுத்து, பெட்ரோல் என்றால் 2.3ஆல், டீசல் என்றால் 2.7ஆல் பெருக்குங்கள். கனடாவில் விற்கும் பெட்ரோலுக்கு 2.2 என்று எடுத்துக்கொண்டதால்தான் 80 டாலருக்கு 17.6 சென்ட் வந்தது.

பிரான்சில் மஞ்சள் சட்டைக்காரர்கள் சுற்றுச்சூழலுக்கு எதிரானவர்களா? – வாசகர், சென்னை

பிரான்சில் ஒவ்வொரு காரிலும் ஒளிரும் மஞ்சள் மேற்சட்டை வைத்திருப்பது சட்டம். 2018 நவம்பர் 17 அன்று அதை மாட்டிக்கொண்டு, எரிபொருள் வரியை எதிர்த்து ரவுண்டானாக்களை மறித்தவர்களில் பெரும்பாலோர் பஸ் வசதியில்லாத சிற்றூர்களிலிருந்து வேலைக்கு வண்டி ஓட்டிப் போகிறவர்கள்.

அவர்கள் பார்த்த வரிசையைப் பாருங்கள். அங்கே கார்பன் வரி 2014இல் டன்னுக்கு 7 யூரோவாகத் தொடங்கியது. கச்சா எண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் ஏறியதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2017இல் 30.5, 2018இல் 44.6. டீசலுக்கான சலுகையையும் அதே நேரத்தில் குறைத்தார்கள்; 2018 ஜனவரியில் மட்டும் டீசலுக்கு லிட்டருக்கு 7.6 சென்ட் ஏறியது. பல ஆண்டுகளாக அரசின் வரிச் சலுகையைப் பார்த்து டீசல் கார் வாங்கியவர்கள் இவர்கள். அந்த ஆண்டுதான் கச்சா எண்ணெயும் ஏறியது. அந்த ஆண்டுதான் பெரும் பணக்காரர்கள் மீதான சொத்து வரியை அதிபர் மக்ரோனின் அரசு நீக்கி, நிலம், கட்டடத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. ஜூலையில் கிராமத்துச் சாலைகளில் வேக வரம்பை 80 கிலோமீட்டராகக் குறைத்தது. எரிபொருள் வரிப் பணத்தில் பெரும்பகுதி பொதுக் கஜானாவுக்குப் போனது. பம்பில் கட்டியவருக்கு நேராக எதுவும் திரும்பவில்லை. 2019 ஜனவரியில் டீசலுக்கு இன்னும் 6.5 சென்ட் என்று தேதியும் குறித்திருந்தார்கள். டிசம்பர் 4 அன்று அதை நிறுத்திவைத்தார்கள். வரி இன்றுவரை 44.6 யூரோவைத் தாண்டவில்லை.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் இரண்டு பொருளியலாளர்கள் 3,000 பேரிடம் கேட்டார்கள்: வரியை ஏற்றி, வசூலை ஒவ்வொரு பெரியவருக்கும் சமமாகப் பிரித்து ஆண்டுக்கு 110 யூரோ கொடுத்தால்? அவர்கள் கணக்கில் பத்தில் ஏழு குடும்பங்களுக்கு லாபம். லாபம் வரும் என்று நம்பியவர்கள் ஏறக்குறைய ஏழில் ஒருவர்தான். பணத்தை முதலில் கொடுத்துவிட்டு வரியைப் பிறகு ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. 2018 கடைசியில் அதைக் கேட்கக் காலம் கடந்துவிட்டது.

சுவிட்சர்லாந்தில் எங்கள் மருத்துவக் காப்பீட்டு பில்லில் சிறு தொகை கழிக்கப்பட்டு வருகிறது. அது கார்பன் வரிப் பணமா? – வாசகர், சூரிக்

ஆம். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய், எரிவாயு மீது அங்கே 2008 முதல் வரி. டன்னுக்கு 12 பிராங்கில் தொடங்கி 2022இல் 120 ஆனது. கார் பெட்ரோலுக்கு இந்த வரி கிடையாது. வசூலில் மூன்றில் ஒரு பங்கு கட்டடங்களைச் சீரமைக்கும் திட்டத்துக்குப் போகிறது. மற்றதில் மக்களின் பங்கு, குழந்தை உட்பட எல்லோருக்கும் தலைக்குச் சமமாகக் காப்பீட்டுப் பிரீமியத்தில் கழிக்கப்படுகிறது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு ஆளுக்கு 60 முதல் 90 பிராங்க் வரை வந்திருக்கிறது. மாதத்துக்கு ஐந்து, ஏழு பிராங்க். சில நூறு பிராங்க் பிரீமியத்தில் அதை யார் கவனிப்பார்கள்?

ஆனால் வரியும் அதேபோல ஒளிந்துதான் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்கள் அதை ஆண்டுக்கு ஒருமுறை வரும் ‘நேபன்கோஸ்டன்’ (வாடகையோடு சேரும் துணைச் செலவு) கணக்கில் எண்ணெய் விலைக்குள் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். இரண்டும் கண்ணில் படாததால் கனடாவைவிட உயர்ந்த வரி சண்டை இல்லாமல் ஓடுகிறது.

கண்ணில் படும்படி கேட்டபோது பதில் வேறு. வரி உச்சவரம்பை 210 பிராங்காக்கி, விமான டிக்கெட்டுக்கு 30 முதல் 120 பிராங்க் கட்டணமும் சேர்த்த சட்டத்தை 2021 ஜூன் 13 வாக்கெடுப்பில் 51.6 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். அன்றே பூச்சிக்கொல்லி பற்றிய இரண்டு முன்மொழிவுகளும் வாக்குக்கு வந்ததால் விவசாயக் கிராமங்கள் திரண்டு வந்து வாக்களித்தன. தேதியே பாதியைத் தீர்மானித்தது என்பேன். இரண்டு ஆண்டு கழித்து, 2050க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும் சட்டம் வந்தது. புது வரி இல்லை. வீட்டைச் சூடாக்கும் பழைய எண்ணெய்க் கொதிகலனை மாற்றப் பத்து ஆண்டுகளில் 200 கோடி பிராங்க் மானியம். 59.1 சதவீதம் ஆதரவு. அதே வாக்காளர்கள்தான்.

ஒரு கருத்துக்கணிப்பில் பருவநிலை நடவடிக்கைக்கு 80, 90 சதவீத ஆதரவு. இன்னொன்றில் பாதிகூட இல்லை. எதை நம்புவது? – முதுகலை மாணவி, மதுரை

இரண்டும் உண்மையாக இருக்கலாம். கணிப்பின் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு, கேட்ட கேள்வியை வார்த்தை மாறாமல் தேடி எடுங்கள். பெரும்பாலும் அறிக்கையின் கடைசியில், பின்னிணைப்பில் இருக்கும். ‘அரசு இன்னும் செய்ய வேண்டுமா?’ என்ற கேள்விக்கு ஆம் சொல்ல எந்தச் செலவும் இல்லை. 125 நாடுகளில் 1,30,000 பேரிடம் நடத்தி 2024இல் வெளியான ஆய்வில் அப்படிக் கேட்டபோது 89 சதவீதம் ஆம். வருமானத்தில் 1 சதவீதம் கொடுப்பீர்களா என்றதும் 69. அதில் சுவையான விஷயம் வேறொன்று: ‘உங்கள் நாட்டில் எத்தனை பேர் கொடுப்பார்கள்?’ என்று கேட்டதற்கு வந்த சராசரி மதிப்பீடு 43தான். நான் கொடுப்பேன், அடுத்த வீட்டுக்காரர் கொடுக்கமாட்டார். இந்த அவநம்பிக்கைதான் பல ஊர்களில் வரியை முடக்குகிறது.

அடுத்து, கேள்வியில் தொகை இருக்கிறதா, யாருக்கு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று பாருங்கள். ‘மாதம் 10 டாலர்’ என்று கேட்பதும் ‘ஆண்டுக்கு 120 டாலர்’ என்று கேட்பதும் ஒரே பதிலைத் தராது. வரிப் பணம் எங்கே போகும் என்று கேள்வியிலேயே சொன்னார்களா? சொல்லாவிட்டால், பதில் சொல்பவர் அது அரசின் பைக்குள் போகும் என்றே எடுத்துக்கொள்வார். முந்தைய கேள்வி வெள்ளத்தைப் பற்றியதா, விலைவாசியைப் பற்றியதா? கணிப்பு நடந்த வாரத்தில் பெட்ரோல் விலை என்ன? ‘தெரியாது’ என்றவர்களை மொத்தத்தில் வைத்திருக்கிறார்களா, கழித்துவிட்டு மீதியை 100 ஆக்கிவிட்டார்களா? கடைசியில் சொன்ன தந்திரம் மிகச் சாதாரணம். 40 சதவீதத்தை 55 ஆக்க அது போதும்.

நம் நாட்டைப் பற்றிய இணையவழிக் கணிப்பு என்றால் இன்னும் ஒரு படி எச்சரிக்கை. ஸ்மார்ட்போனும் நேரமும் உள்ள நகரத்துப் படித்தவர்கள்தான் அதில் அதிகம். வயது, பாலினத்துக்கு எடை போட்டுச் சரிசெய்தாலும், விறகடுப்பு எரிக்கும் வீடு அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடாது.

ஆய்வேட்டுக்கு ஒரு நல்ல தொடக்கம் வேண்டுமானால், இந்தியா உட்பட 20 நாடுகளில் 40,000 பேருக்கு மேல் கேட்டு, வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒருவர் ஒரு கொள்கையை ஆதரிப்பாரா என்பதை, புவி வெப்பத்தைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைவிட, மூன்று எண்ணங்கள் முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றன: இது உமிழ்வைக் குறைக்குமா, ஏழைகளைப் பாதிக்குமா, என் வீட்டுக்கு நஷ்டமா. வெறும் அறிவியல் பாடம் நடத்திய காணொளி ஆதரவை அவ்வளவாக அசைக்கவில்லை. கொள்கை எப்படி வேலை செய்கிறது, யாருக்கு என்ன வரும் என்று விளக்கிய காணொளி அசைத்தது.

இந்தியாவில் கார்பன் வரி இல்லையே, பிறகேன் நிலக்கரி மீது பசுமை வரி போட்டார்கள் என்கிறார்கள்? – வாசகர், நெய்வேலி

பெயர் அப்படி இல்லாவிட்டாலும் ஏறக்குறைய அதேதான் இருந்தது. உங்கள் ஊர்ப் பழுப்பு நிலக்கரிக்கும் உண்டு. 2010இல் டன்னுக்கு 50 ரூபாய் செஸ். 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 650, 700 கிராம் நிலக்கரி வேண்டும் என்றால், 400 ரூபாய் என்பது யூனிட்டுக்கு 26, 28 பைசா. பழுப்பு நிலக்கரிக்கு யூனிட்டுக்கு ஒரு கிலோ வரை பிடிப்பதால் 40 பைசா. சில ஆண்டுகளில் எட்டு மடங்கு ஏறிய வரி. ஓர் ஊர்வலம்கூட நடக்கவில்லை. மின்கட்டண அட்டையில் அது தனியாக வரவில்லை, உற்பத்திச் செலவுக்குள் புதைந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் தரும் தமிழ்நாட்டில், சின்ன வீடுகளை அது எட்டவே இல்லை. எட்டாத விலை யாரையும் கோபப்படுத்தாது. விளக்கை அணைக்கவும் வைக்காது.

பணம் எங்கே போனது என்பதுதான் வருத்தமான பகுதி. தூய ஆற்றலுக்கான தேசிய நிதிக்கென்று தொடங்கிய இந்த செஸ், 2017–18 வரை வசூலித்தது சுமார் 86,000 கோடி ரூபாய். அந்த நிதிக்குப் போனது 30,000 கோடிக்கும் குறைவு. திட்டங்களுக்குச் செலவானது அதில் ஏறக்குறைய பாதி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அதே 400 ரூபாய், மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் செஸ்ஸாகப் பெயர் மாறியது. வாக்குறுதி போனது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் வாக்குறுதி இருந்ததே தெரியாது.

2025 செப்டம்பர் 22 முதல் அந்த 400 ரூபாய் நீங்கி, நிலக்கரிக்கான ஜிஎஸ்டி 5இலிருந்து 18 சதவீதமானது. வரி கூடியது என்று சிலர், குறைந்தது என்று சிலர் எழுதினார்கள். டன் 1,500 ரூபாய் நிலக்கரிக்கு முன்பு 75ம் 400ம் சேர்ந்து 475, இப்போது 270. டன் 4,000 ரூபாய் நிலக்கரிக்கு முன்பு 600, இப்போது 720. ஏறக்குறைய 3,075 ரூபாய்க்குக் கீழே இருந்தால் குறைந்தது, மேலே இருந்தால் கூடியது. எடைக்கு இருந்த வரி விலைக்கு மாறிவிட்டதால், சாம்பல் அதிகமுள்ள மலிவுச் சரக்குக்குத்தான் சலுகை. மின்சாரம் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அனல் நிலையம் இதற்கு உள்ளீட்டு வரி வரவும் (கட்டியதைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது.

சிங்கப்பூரில் 2024இல் கார்பன் வரி ஐந்து மடங்கானது. இங்கே ஏன் பெரிய எதிர்ப்பு இல்லை? – வாசகி, தோ பாயோ

டன்னுக்கு 5 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 25 வெள்ளி, 2026இல் 45. ஆனால் கட்டுபவை ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியிடும் சுமார் 50 ஆலைகளும் மின்நிலையங்களும். நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு 25 வெள்ளி வரியால் மாதம் சுமார் 4 வெள்ளி கூடும் என்று அரசு முன்கூட்டியே எண்ணைச் சொன்னது. யூ-சேவ் என்ற அரசுக் கழிவு அதே பயனீட்டு பில்லில், விலை ஏறும் இடத்திலேயே வருகிறது. சூரிக்கிலும் ஸ்காபரோவிலும் இல்லாதது இந்த இரண்டாவது ஏற்பாடுதான்.

மக்களே வாக்களித்து இப்படி ஒரு திட்டத்தைக் காப்பாற்றிய ஊர் உண்டா? – வாசகர், திருச்சி

உண்டு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம். அங்கே 2016இல் கார்பன் வரி போட்டு அதற்கு ஈடாக விற்பனை வரியைக் குறைக்கும் முன்மொழிவு தோற்றது. பசுமைத் திட்டங்களுக்குப் பணமில்லை என்று சில சுற்றுச்சூழல் அமைப்புகளே எதிர்த்தன. 2018இல் பணம் முழுவதும் திட்டங்களுக்கு என்று மாற்றிக் கேட்டார்கள். எண்ணெய் நிறுவனங்கள் 3 கோடி டாலருக்கு மேல் செலவழித்து எதிர்ப்பிரசாரம் செய்தன, அதுவும் தோற்றது. 2021இல் சட்டமன்றமே உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து, உரிமங்களை ஏலம் விடும் சட்டத்தை நிறைவேற்றியது. 2023இல் ஏலம் தொடங்கியதும் பெட்ரோல் விலை ஏறியது, சட்டத்தை ரத்து செய்ய வாக்கெடுப்பும் வந்தது. 2024 நவம்பரில் ரத்து கூடாது என்று 62 சதவீதம் பேர் வாக்களித்தார்கள்.

இடையில் 18 வயது வரை பஸ் பயணம் இலவசமாகியிருந்தது; வருமானம் குறைந்த வீடுகளின் மின் பில்லில் 200 டாலர் கழிந்திருந்தது. ‘ரத்து செய்தால் இது போகும்’ என்று விரல் நீட்டிக் காட்ட ஆதரவாளர்களுக்குப் பொருள் இருந்தது.

வாகன நெரிசலுக்குக் கட்டணம் போட்ட ஸ்டாக்ஹோமும் இதே பாடம்தான். அங்கே முதலில் எதிர்ப்பே அதிகம். 2006 ஜனவரியிலிருந்து ஜூலை வரை வசூலித்துக் காட்டிவிட்டு நிறுத்தினார்கள். போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது, நிறுத்தியதும் திரும்ப ஏறியது. செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தபோது ஆதரவு ஜெயித்தது. சோதனை இல்லாமல் நேரே வாக்குக்குப் போன எடின்பரோவில் 2005இல் 74 சதவீதமும், மான்செஸ்டரில் 2008இல் 79 சதவீதமும் வேண்டாம் என்றன.

ஐரோப்பாவுக்கு போல்ட், நட் ஏற்றுமதி செய்கிறோம். அங்கே எல்லையில் கார்பன் வரி என்கிறார்கள். நாங்கள் கட்ட வேண்டுமா? – சிறுதொழில் முனைவர், கோவை

நீங்கள் நேரடியாகக் கட்டுவதில்லை. அங்கே இறக்குமதி செய்பவர் கட்டுவார், பிறகு அதை உங்கள் விலையில் பேரம் பேசுவார். 2026 ஜனவரி 1 முதல் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டின் உமிழ்வுக்கு ஈடான சான்றிதழ்களை அவர்கள் 2027 பிப்ரவரியிலிருந்து வாங்குவார்கள். திருகு, போல்ட் வகைகள் பட்டியலில் உள்ளன. வாங்குபவர் பட்டியலில் உள்ள சரக்குகளை எல்லா நாடுகளிலிருந்தும் சேர்த்து ஆண்டுக்கு 50 டன்னுக்குள் இறக்குமதி செய்தால் அவருக்கு விலக்கு. எனவே முதலில் அவருடைய மொத்த டன் எவ்வளவு என்று கேளுங்கள். உங்களுடைய டன் மட்டும் போதாது.

உங்கள் பட்டறையில் எரியும் டீசலும் எரிவாயுவும் இதில் சிறு பங்கு. உமிழ்வில் பெரும்பகுதி நீங்கள் வாங்கும் கம்பிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஊதுலையில் செய்த உருக்கென்றால் டன்னுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கியதென்றால் அதில் ஒரு பகுதிதான், அதிலும் உருக்குக்கு இப்போதைக்கு மின்சாரத்தின் உமிழ்வு கணக்கில் சேராது. உண்மையான எண் இல்லாவிட்டால் ஐரோப்பிய ஆணையம் வைத்திருக்கும் பொது மதிப்பைப் போடுவார்கள். அது வேண்டுமென்றே உயரமாக வைக்கப்பட்டது. ஆகவே அடுத்த கொள்முதல் ஆர்டரிலேயே, எந்த உலை, எந்த வார்ப்பு எண், டன்னுக்கு எவ்வளவு உமிழ்வு என்று எழுத்தில் தரும்படி உருக்காலையிடம் ஒரு நிபந்தனை சேருங்கள். வியாபாரி மூலம் கலந்து வாங்கும் கம்பிக்கு இந்த எண்ணைப் பின்னால் தேடிப் பிடிக்க முடியாது.